ஈரச் சாக்கும் ஒரு கல்லும்

டீசல் வாடை... முதலில் ஞாபகத்துக்கு வருவது அதுதான். என் வீட்டுக்காரர் சட்டையில், தலையணை உறையில், கொடியில் காயும் துண்டில். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. இன்றைக்கும் அந்த வாடை மூக்கில் ஏறினால் என் கண் முதலில் வண்டிச் சக்கரத்துக்கு அடியில்தான் போகும்.

அப்போது எனக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, தினம் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். அவர், ஸ்டீபன், வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உழவுக்கு வாடகை டிராக்டர் கேட்டால், மழை பெய்த ஈரமெல்லாம் காய்ந்த பிறகுதான் வரும். அந்தக் கோபத்தில் ஜூஜுவாடி எல்லையைத் தாண்டிப் போய், ஒரு பழைய டிராக்டரைப் பேசி முடித்துவிட்டார். வயதில் அவருக்கே மூத்த வண்டி.

எடுத்து வரப் போன அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். விற்றவர் கன்னடக்காரர். நான் தள்ளி நிற்பதைப் பார்த்து, "ஹெதரபேடி அம்மா" என்றார். பயப்படாதீங்க என்று அர்த்தம். சொன்ன கையோடு, பானெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த காற்றுக் குழாயைத் தட்டிக் காட்டினார்.

"இது இதோட மூக்கு. எப்பவாச்சும் இஞ்சின் சொல்பேச்சு கேக்காம ஓடிச்சுன்னா, மூக்கை அடச்சிடுங்க. நின்னுடும்."

ஸ்டீபன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்காமல் ஓடுமா? அப்படியும் ஒன்று உண்டா?

கிளம்பும்போது நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் அன்றைக்கு எந்தச் சாமி வந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, வண்டியைக் கிளப்புகிற செல்ப் மோட்டார் போனது. சரி செய்தோம், மறுபடியும் போனது. அதனால் வண்டியை எப்போதும் களத்து மேட்டில்தான் நிறுத்துவோம். காலையில் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கல்லை எடுத்தால், வண்டி சரிவில் தானாக உருளும். பாதியில் அவர் கிளட்சை விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். கல்லை எடுப்பது என் வேலை.

பிரேக் பெயருக்குத்தான். மிதித்தால் யோசித்து நிற்கும். சரிவு முடிகிற இடத்தில் கொஞ்சம் சமதளம், அதைத் தாண்டினால் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. ஒருநாள் இந்த வண்டி இவரையும் தூக்கிக்கொண்டு அதில் இறங்கிவிடும்... இதே நினைப்புதான் எனக்கு. கம்பெனியில் மெஷின் முன்னால் நிற்கும்போதுகூட.

"வேற எடத்துல நிறுத்துங்களேன்."

"வேற மேடு எங்க கீது மேரி? நீ சும்மா பயந்துகினே இரு."

அது மாங்காய் சீசன். ரோடெல்லாம் லாரி, ஒரே புழுதி. அந்தக் கால வண்டிகளில் காற்றை வடிகட்ட ஒரு கிண்ணம் இருக்கும். அதில் கோடு வரைக்கும் ஆயில் ஊற்றி வைத்தால் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். வண்டி மேல் அவருக்கு அவ்வளவு பாசம். "தூசி ஜாஸ்தி, ஆயிலும் ஜாஸ்தியா இருக்கட்டும்" என்று கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றிவிட்டார். பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு கரண்டி நெய் விடுகிற மாதிரி.

மறுநாள் காலை. நான் கல்லை எடுத்தேன். வண்டி உருண்டது, ஸ்டார்ட் ஆனது, சமதளத்துக்குப் போனது.

பிறகு சத்தம் ஏறத் தொடங்கியது.

ஆக்சிலேட்டரை அவர் தொடவே இல்லை. சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெள்ளைப் புகை அவரையே மறைத்தது. நிறுத்துகிற கம்பியை இழுக்கிறார், இழுக்கிறார், நிற்கவில்லை. இஞ்சின் டீசலை விட்டுவிட்டு, அவர் ஊற்றின ஆயிலையே உறிஞ்சிக் குடித்து ஓடுகிறது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டி நகராமல் கிளட்சை மிதித்துப் பிடித்திருந்தார்; கியர் சிக்கிக்கொண்டது, விடுபடவில்லை. கிளட்சை மிதித்த காலை எடுத்தால் வண்டி பாயும். முன்னால் கிணறு.

"கிட்ட வராத மேரி... தள்ளிப் போ!"

உண்மையைச் சொல்கிறேன், ஓடிவிடத்தான் தோன்றியது. அப்போது அந்தக் கன்னடக்காரர் குரல் காதில் கேட்டது. மூக்கு. அதைக் கேட்டுச் சிரித்த ஸ்டீபன் அன்றைக்கே மறந்துவிட்டார். நான்தான் அதை நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருந்தேனே... எனக்கு எப்படி மறக்கும்?

களத்து ஓரத் தண்ணீர்ப் பானையைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கை உருவிக்கொண்டு ஓடினேன். நாலாய் மடித்துக் குழாய் வாயில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினேன். சாக்கை அது உள்ளே இழுக்கிறது, வண்டி உதறுகிறது, என் பல்லெல்லாம் ஆடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு மாதாவே மாதாவே என்றேன்.

இரண்டு குலுக்கல். நின்றுவிட்டது.

அவர் கால் மட்டும் இன்னும் கிளட்சை அழுத்திக்கொண்டிருந்தது. இஞ்சின் நின்றுவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் காலை எடுக்கவில்லை.

"மேரி... கல்லு."

மேட்டுக்கு ஓடி, நான் எடுத்துப் போட்ட அதே கல்லைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேன். எறங்குங்க."

இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

அந்த வண்டி இப்போது ஜவளகிரிப் பக்கம் யாரிடமோ இருக்கிறது. வாங்க வந்தவரிடம் வண்டியின் மூக்கைத் தொட்டுக் காட்டித்தான் அனுப்பினேன். அவரும் சிரித்தார்.

இப்போது எங்களிடம் இருப்பது புது வண்டி. சாவியைத் திருகினால் ஓடுகிறது, திருகினால் நிற்கிறது. கிணற்றுக்குச் சுவர் கட்டியாகிவிட்டது, ஷெட்டுக்குச் சிமென்ட் தரை. உருள்வதற்கு அங்கே சரிவே கிடையாது. டீசல் வாடைகூட முன்னே மாதிரி இல்லை.

ஆனால் சாயங்காலம் வண்டியை விட்டதும் ஸ்டீபன் குனிந்து சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். பயந்துகினே இரு என்று என்னைக் கேலி செய்த அதே மனுஷன். நான் சமையலறையில் இருந்தபடியே கேட்பேன்.

"வச்சிட்டீங்களா?"

"வச்சிட்டேன்."

அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன்.