கூட்டு ரோட்டில் கேட்ட கூவல்

இது நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையில். அங்கே ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக எனக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. அப்போது வயது இருபத்து மூன்று. வேலூர்ப் பக்கம் டவுனில் வளர்ந்தவள் நான். மலைக்குப் போன முதல் வாரமே, எப்போதடா கீழே இறங்குவோம் என்று ஆகிவிட்டது. கரண்ட் கிடையாது. பேச ஆள் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும்.

அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு பள்ளியில் இருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தபால் தாமதமாக வந்ததால், அன்றைக்கே கிளம்பினால்தான் உண்டு.

மலையில் இருந்து இறங்க அப்போது ஒரே வழிதான். மலை பஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆலங்காயத்துக்கு இறங்கும். அங்கே வாணியம்பாடி பஸ் தயாராக நிற்கும். இதில் இருந்து இறங்கி அதில் ஓடி ஏறிக்கொள்ள வேண்டும். ‘கனெக்‌ஷன் பஸ்’ என்று சொல்வோம். அது யாருக்காகவும் நிற்காது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு வாணியம்பாடியில் ஐந்து மணிக்கு ரயில்.

மத்தியானம் பஸ் ஏறினேன். அன்று பார்த்து பஸ் இருபது நிமிடம் லேட். வழியெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காவலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கூட்டு ரோடு உண்டு. அங்கிருந்து மண் பாதை ஒன்று காட்டுக்குள் பிரிந்து போகும். அந்தப் பக்கம் இருந்த ஐந்தாறு ஊர்களுக்குப் பஸ் கிடையாது. ஜனங்கள் இரண்டு மூன்று மைல் நடந்து வந்துதான் ஏற வேண்டும். அதனால் அந்தப் பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூட்டு ரோட்டில் டிரைவர் மூன்று முறை நீளமாக ஹார்ன் அடிப்பார். பிறகு பத்து நிமிடம் காத்திருப்பார். ஹார்ன் சத்தம் கேட்டு, வந்துகொண்டிருப்பவர்கள் ஓட ஆரம்பிப்பார்கள். எந்த விதியிலும் இல்லாத வழக்கம் அது. ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

அன்றும் ஹார்ன் அடித்துவிட்டு, வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். யாரும் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. எழுந்து முன்னால் போய்க் கண்டக்டரிடம் கேட்டேன். “அதான் யாரும் வரலியே, எடுக்க வேண்டியதுதானே?”

“கொஞ்சம் இருங்கம்மா. தூரத்துலேர்ந்து வருவாங்கோ,” என்றார் அவர்.

அப்போது டிரைவர் கையைத் தூக்கினார். “யாரோ கூப்புட்ற மாதிரி கீது,” என்று மலைப் பக்கம் காதைக் கொடுத்தார்.

எனக்கும் கேட்டது. மேட்டில் எங்கோ தூரத்தில் “ஓ...ஓ...” என்று ஒரு கூவல். நான் சட்டென்று குரலை உயர்த்தி, “அது மாடு மேய்க்கிறவங்க கூவுறாங்க. தினமும்தான் கேட்குது,” என்றேன். அதோடு விட்டேனா? “நாளைக்கு எனக்கு இன்டர்வியூ. ரயிலை விட்டா என் வாழ்க்கையே போச்சு. வராத ஆளுக்காக வந்த ஆளை நிறுத்தி வைக்கறீங்களே, கனெக்‌ஷன் பஸ் போயிட்டா நீங்க பொறுப்பேத்துப்பீங்களா? மேலே எழுதிப் போடுவேன்,” என்று கத்தினேன். என் சத்தத்தைக் கேட்டு இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.

கூட்டு ரோட்டைத் தாண்டியதும் மலை இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு வண்டி ஊர்ந்துதான் போகும். எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட்கப்போகும் கேள்விகளுக்கு மனதுக்குள் பதில் தயார் செய்துகொண்டு வந்தேன்.

நாலாவது வளைவா ஐந்தாவதா தெரியவில்லை. திடீரென்று டிரைவர் பிரேக்கை மிதித்தார். எல்லோரும் முன் சீட்டில் மோதிக்கொண்டோம். வலது பக்கச் சரிவில் இருந்து ஓர் ஆள் கற்களோடு சேர்ந்து உருண்டு வந்து, பஸ்ஸுக்கு இரண்டு முழ தூரத்தில் ரோட்டில் விழுந்தார். செத்தே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கையை ஊன்றி எழுந்து, வலது காலைத் தரையில் வைக்க முடியாமல், ரேடியேட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் மறுபடி போய்விடும் என்ற பயம்.

“சாமி, போய்டாதீங்க சாமி! பின்னாடி தூக்கினு வர்றாங்கோ!”

எல்லோரும் மேலே பார்த்தோம். ரோடு சுற்றிச் சுற்றி இறங்கும் மலையில், மழைத்தண்ணீர் அறுத்த தடம் ஒன்று நேராக இறங்கியது. நின்று இறங்கவே பயமாக இருக்கும் அந்தத் தடத்தில், நாலு பேர் மூங்கில் கழியில் கம்பளி கட்டிய டோலியோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். டோலி பாறையில் இடிக்காமல் இருக்க ஒரு பெண் அதைக் கையால் தாங்கிக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி. விழுந்தவர் அவளுடைய கணவர். டோலியைத் தாங்கி வந்தவள் அவருடைய தங்கை.

“நேத்து சாய்ந்தரத்துலேர்ந்து வலிங்க. புள்ள குறுக்க கெடக்குதாம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா,” என்று அந்தத் தங்கை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “ஹார்ன் சத்தம் கேட்டு கூவினே வந்தோம். கிட்ட வர்றதுக்குள்ள போய்டுச்சி.”

கண்டக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி நீள சீட்டைக் காலி செய்தார்கள். “தல ஆடாம யாராச்சும் புடிங்கம்மா,” என்று டிரைவர் குரல் கொடுத்தார். நான் போய் உட்கார்ந்தேன். “இங்கே படுக்க வையுங்க, நான் பிடிச்சுக்கறேன்,” என்றேன். அவள் தலையை என் மடியில் வைத்தார்கள். என்னைவிடச் சின்னப் பெண். பத்தொன்பது இருக்கலாம். உதடெல்லாம் கடித்து ரத்தம். என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் என் வளையல் இரண்டு உடைந்து எனக்கே குத்தின. முதலில் முனகிக்கொண்டிருந்தாள். பாதி மலை இறங்கியதும் முனகலும் நின்றுவிட்டது. அதுதான் பயங்கரமாக இருந்தது. அவள் மூக்குக்கு நேராக விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும், ‘அந்த ஐந்து நிமிடம், அந்த ஐந்து நிமிடம்’ என்றே மனது அடித்துக்கொண்டது. அவளுடைய கணவர் கீழே தரையில், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, அவள் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவில் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆலங்காயம் வந்தது. கனெக்‌ஷன் பஸ் போயிருந்தது.

மலை பஸ்ஸின் ரூட் அங்கேயே முடிந்துவிடும். திரும்பி மேலே போக வேண்டியவர்கள் நிழலில் மூட்டையோடு காத்திருந்தார்கள். டைம்கீப்பர் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு நொடிதான். “நிக்காதே, வாணியம்பாடிக்கே உடு. இவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்,” என்றார். ஆஸ்பத்திரி வாசல் வரை டிரைவர் எங்கேயும் காலை பிரேக்கில் வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஸ்ட்ரெச்சரில் அவளைக் கொண்டுபோனார்கள். கணவரைக் கால் கட்டுப் போட வேறு பக்கம் அழைத்துப் போய்விட்டார்கள். நர்ஸ் வந்து, “கூட யாரு? ஆபரேஷன் பண்ணணும், விவரம் சொல்ல ஆள் வேணும்,” என்றார். தங்கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு நாற்பது. ஸ்டேஷனுக்கு ஓடினால் ரயிலைப் பிடித்துவிடலாம். பிடிக்கலாம் என்று தெரிந்தேதான் நின்றேன். அதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. போக முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு மேல் நர்ஸ் வெளியே வந்தார். பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன. “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டும் இல்லே,” என்றார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். தங்கைதான் என்னைத் தேற்றினாள்.

இரண்டு மாதம் கழித்து ஜமுனாமரத்தூர் சந்தையில் அவர்களைப் பார்த்தேன். அவள் குழந்தையை மார்போடு கட்டியிருந்தாள். அவர் கழி ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். எலும்பு சரியாகக் கூடவில்லையாம். அந்தக் காலைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

“அன்னிக்கு நிக்காம பஸ்ஸை எடுக்க வச்சதே நான்தாங்க,” என்றேன்.

“தெரியுங்க டீச்சர்.”

“கண்டக்டர் சொன்னாரா?”

“யாரும் சொல்லலீங்க. நாங்க மேட்டுலதான வந்துனு இருந்தோம். காட்டுல சத்தம் நல்லா ஏறி வரும். மாடு மேய்க்கிறவங்கன்னு சொன்னீங்களே, அதுகூட கேட்டுது. பஸ்ல நீங்க வாயத் தொறந்ததும் கொரலு தெரிஞ்சிடுச்சி.”

“தெரிஞ்சுமா என்னைப் பார்த்துக் கும்பிட்டீங்க?”

அவர் குழந்தையைப் பார்த்தார். “பின்ன இன்னாங்க பண்றது? அவ தல உங்க மடியில இருந்துதே.”

சொல்லிவிட்டு, புளி மூட்டையைத் தலையில் வைத்துவிடச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. நான்தான் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டேன்.

பிறகு மூன்று வருடம் அந்த மலையிலேயே வேலை பார்த்தேன். சென்னைக்கு விண்ணப்பம் போடவில்லை என்று சொல்ல மாட்டேன், போட்டேன், கிடைக்கவில்லை. இப்போது பணி ஓய்வும் பெற்றுவிட்டேன். அவர் சொன்ன பதிலில் இருந்தது மன்னிப்பா, வேறு வழியில்லாத ஒரு மனிதனின் பயமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் ‘எனக்கு அவசரம்’ என்று குரலை உயர்த்தப் போகும்போதெல்லாம், என் கண்ணுக்குத் தெரியாத யாரோ அதைக் கேட்டுக்கொண்டே ஓடி வருகிறார்கள் என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் கடைசிவரை என்னை விட்டுப் போகாமல் இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.