முதலில் ஃபிரிட்ஜை நிறுத்துகிறவர்

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் அத்தான் ஃபிரிட்ஜை நிறுத்துவார். பிறகு மின்விசிறியை. பிறகு நான் தங்கியிருக்கும் முன்னறைக்கு வந்து, என் கைபேசி சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி என் படுக்கையில் போடுவார். எத்தனையோ எல்லைச் சாவடிகளைத் தாண்டி என்னோடு வந்த சார்ஜர் அது. எந்தச் சாவடியிலும் அதை யாரும் இவ்வளவு சந்தேகத்தோடு பார்த்ததில்லை. கடைசியாக, "யாரும் நடக்காதீங்க" என்று வீட்டுக்குப் பொதுவாக ஒரு அறிவிப்பு. அதன்பின் கட்டைவிரலால் பொத்தானை அழுத்துவார். ஆள்காட்டி விரலால் அழுத்தினால் கிளம்பாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கட்டைவிரலால் அழுத்தினாலும் பெரும்பாலும் கிளம்பாது.

உள்ளே காற்றாடிகள் சுழலும். பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் நீலம், சிவப்பு, பச்சை என்று விளக்குகள் பொருட்காட்சி ராட்டினம்போல் ஓடும். திரையில் ஏதோ எழுத்து தலைகாட்டப் பார்க்கும். பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். அந்தக் கணத்தில் அத்தானின் வலது கால் தன்னையறியாமல் தரையை ஓங்கி மிதிக்கும்.

அந்தக் காலுக்குத் தொழில் காரணம் உண்டு. அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. அடுத்தவர் செய்யும் தவறுகளை அந்தப் பிரேக்கால் நிறுத்தி நிறுத்தியே தலை நரைத்தவர். அதனால் அவருக்குள் ஒரு சித்தாந்தம் உறைந்துபோயிருக்கிறது. "வண்டி தப்பே பண்ணாது. தப்பு எப்பவும் ஓட்டுறவங்ககிட்டதான்." காரைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். அதைக் கழற்றிக் கொண்டுவந்து அப்படியே கம்ப்யூட்டரிலும் மாட்டிவிட்டார் என்பதுதான் சிக்கல்.

அந்தக் கம்ப்யூட்டரை அவர் வாங்கவில்லை, கட்டினார். "கடையில வாங்குறது வாடகைக் கோட்டு மாதிரி. தோள் ஒரு இடத்துல நிக்கும், நாம ஒரு இடத்துல நிப்போம்" என்று என்னிடமே பலமுறை விளக்கியிருக்கிறார். பாகங்கள் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவை வந்த காலி அட்டைப்பெட்டிகள் இன்றும் பீரோவின் மேல் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. வாரண்டிக்கு வேண்டுமாம். பீரோவின் மேல்கதவைத் திறக்க முடியாததால் குளிரில் போர்வை எடுக்கும் வழக்கம் இந்த வீட்டில் நின்றுபோனது. கட்டுவதற்கு முன் கை பழக வேண்டும் என்று அக்காவின் பழைய லேப்டாப்பைப் பிரித்தார். "கழட்டிப் பாத்தாத்தானே மாட்டத் தெரியும்?" அந்த லேப்டாப் இப்போது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. குலுக்கினால் நல்ல சத்தம் வரும்.

புதுக் கம்ப்யூட்டர் கட்டி முடிந்த அன்று அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். அன்று அது ஒரு மணி நேரம் முழுதாக ஓடியது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

இதில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் அக்கா. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. விலங்கியல் நூல் ஒன்றை அட்டையிலிருந்து ஆரம்பித்து, மண்புழு, கரப்பான், தவளை என்று வரிசையாகக் கரையேற்றிவிட்டாள். பசுவின் செரிமானம் என்கிற ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. பக்க எண்களைக் குறித்துக்கொண்டே பதியும் அந்த மென்பொருள் கைபேசியில் ஓடாது. அத்தியாயம் முடிந்தால்தான் கோப்பாகச் சேரும். நடுவில் அணைந்தால் படித்ததெல்லாம் போச்சு. பசுவின் இரைப்பையில் நான்கு அறைகள். அத்தான் கட்டிய கம்ப்யூட்டர் இரண்டாவது அறையைத் தாண்டியதே இல்லை. திரும்பத் திரும்பப் படித்ததில் அக்கா அந்தப் பக்கங்களைப் புத்தகம் பார்க்காமலே சொல்வாள். தூக்கத்தில்கூடச் சொல்வதாக அத்தானே புகார் செய்திருக்கிறார்.

போன வாரம் பதிப்பகத்து அம்மாள் தொலைபேசியில் பேசினார். பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்குகிறது, சனிக்கிழமை மாலைக்குள் வராவிட்டால் அந்த அத்தியாயத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவேன் என்றார். அந்த வேறு ஒருவரை அக்காவுக்குத் தெரியும். மூக்கால் படிக்கிறவர். ஒரு புத்தகம் முழுக்கத் தன் குரலைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள், கடைசியில் பசுவுக்கு வந்ததும் அந்த மூக்கில் போய் முட்டிக்கொள்வார்கள் என்ற நினைப்பே அக்காவுக்குச் சோறு இறங்கவிடவில்லை.

"மைக்கை மாட்டினதும் மக்கர் பண்ணுது பாரு. மைக்லதான் கோளாறு" என்பார் அத்தான்.

"மைக் இல்லாம எதுல படிக்க? ஜன்னல் வழியா கத்தவா?"

"அதுவும் இல்லாம, நீ கீபோர்டைக் குத்துற குத்து இருக்கே..."

"உங்க தலையில குத்தாம அதுல குத்துறேன்னு சந்தோஷப்படுங்க."

"கேட்டியா ஊர்சுத்தி?" என்று அத்தான் என் பக்கம் திரும்புவார். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அது. "உங்க அக்காவுக்கு வாய் ரொம்ப நீளமாயிடுச்சு."

"வாயை வச்சுத்தானே அத்தான் அவளுக்கு வேலையே" என்றேன். அன்று என் சார்ஜர் இரண்டு முறை பிடுங்கப்பட்டது.

பழுது பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒன்றை மாற்றிப் பார்த்து, என்ன ஆகிறது என்று கவனித்து, பிறகு அடுத்ததைத் தொடுவது என்பதெல்லாம் கிடையாது. ஒரே மூச்சில் ஒயர்களை மாற்றுவார், மெமரியைப் பிடுங்கி ரப்பரால் தேய்ப்பார், காற்றாடியைத் திசை திருப்புவார், ஒரு மந்திரவாதியைப்போல் எல்லாவற்றின் மீதும் ஊதுவார். இதற்கு சர்வீஸ் என்று பெயர். சர்வீசுக்காகப் பெட்டியைக் கட்டிலில் பக்கவாட்டாகப் படுக்கவைப்பார். படுத்திருக்கும்போது அது பேஷாக ஓடும். "ஆச்சு, சரியாயிடுச்சு" என்று தூக்கிக்கொண்டு போய் மேசையில் நிறுத்துவார். நிமிர்ந்த கொஞ்ச நேரத்தில் உயிரை விட்டுவிடும். மறுபடியும் கட்டில், மறுபடியும் சர்வீஸ்.

எனக்கே பொறுக்கவில்லை. "அத்தான், படுத்தா ஓடுது, நின்னா சாவுது. உள்ள எதுவோ எதுலயோ இடிக்குது" என்றேன்.

"பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து வர்றதும் பஸ் ஓட்டுறதும் ஒண்ணா? ஊர் சுத்துனா ஊர் தெரியும். கம்ப்யூட்டர் தெரியாது."

"அப்ப படுத்தபடியே இருக்கட்டுமே. நான் கட்டில்ல உக்காந்து படிச்சுக்கறேன்" என்றாள் அக்கா.

அத்தானின் முகம் சுருங்கிவிட்டது. "படுக்கப் போட்டா கண்ணாடி கூரையைப் பாத்துக்கிட்டு கிடக்கும். அவ்ளோ லைட் போட்டு வச்சிருக்கறது யாருக்குக் காட்ட, பல்லிக்கா?"

சனிக்கிழமை காலை அத்தான் வகுப்புக்குக் கிளம்பிப் போனதும், அக்கா பெட்டியைக் கட்டிலில் கிடத்தினாள். தலைமாட்டில் ஒரு தலையணைகூட வைத்தாள். ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தினாள். கிளம்பியது. ஃபிரிட்ஜ் ஓடியது, மின்விசிறி ஓடியது, என் சார்ஜர் அதன் இடத்தில் இருந்தது. நான் வாசல் கதவுக்கு உள்பக்கம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பசு முதல் அறையைக் கடந்தது. இரண்டாவதைக் கடந்தது. மூன்றாவதில் அக்காவின் குரல் கொஞ்சம் நடுங்கியது. அவளும் அங்கே போவது அதுதான் முதல் தடவை.

மாணவர் ஒருவர் வராததால் அத்தான் சீக்கிரமே திரும்பிவிட்டார். கைசாடை காட்டி அவரைத் தடுக்கப் பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலாகக் கட்டிலைப் பார்த்துவிட்டார்.

"ஐயையோ, இதை யாரு இப்படிப் போட்டது?"

விழுந்த குழந்தையைத் தூக்குவதுபோல் ஓடிப்போய் இரண்டு கையாலும் தூக்கி நிமிர்த்தினார். அணைந்தது. இந்த முறை அவருடைய கால் தரையை மிதிக்கவில்லை.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு பக்கம்தான் இருந்துச்சு" என்றாள்.

"நீ ஏன் அதைப் படுக்கப் போட்ட?" என்றார் அத்தான்.

அந்தக் கேள்விக்கு அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துவந்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"கழட்டுங்க."

"எதை?"

"எல்லாத்தையும். அடித்தகடு வரைக்கும். நான் இங்கேயேதான் இருப்பேன்."

அத்தான் கழற்றினார். திருகாணிகளைத் தரையில் வைத்தால் உருண்டுவிடும் என்று உதடுகளுக்கிடையே கவ்விக்கொண்டார். கண்ணாடி வந்தது. ஒயர்கள் வந்தன. சிப்பின் சூட்டைத் தணிக்கக் குக்கர் அளவுக்கு அவர் ஆசையாகப் பொருத்தியிருந்த கூலர் வந்தது. கடைசியாக மதர்போர்டைத் தூக்கினார். அதற்கு அடியில், பெட்டியின் தகட்டில், சிறு பித்தளைக் கால்கள் வரிசையாக நின்றன. மதர்போர்டு தகட்டில் படாமல் உயர்த்திப் பிடிப்பதற்கான கால்கள் அவை. போர்டில் எங்கே துளை இருக்கிறதோ அங்கே மட்டும்தான் கால் இருக்க வேண்டும். ஒரு திருகாணி மிச்சம் வந்தாலும் வேலை அரைகுறை என்று நம்புகிறவர் அத்தான். பையில் வந்த கால்கள் அத்தனையையும் முடுக்கிவிட்டிருந்தார். ஒரு கால் மட்டும் மேலே துளை எதுவும் இல்லாத இடத்தில் தனியாக நின்றது. மதர்போர்டின் முதுகில், சரியாக அதே இடத்தில், சூடு வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளி. பெட்டி நிமிரும்போதெல்லாம் அந்தக் கூலரின் பாரத்தில் போர்டு வளைந்து முதுகு பித்தளையில் பட்டிருக்கிறது. பட்டதும் மின்சாரம் குறுக்கே பாய்ந்திருக்கிறது.

அத்தான் கரும்புள்ளியைப் பார்த்தார். பித்தளைக் காலைப் பார்த்தார். ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானின் இரண்டு விரல்கள் அந்தப் பித்தளைக் காலைச் சுழற்றி எடுத்தன. கை ஒரு முறை மூக்கைத் துடைப்பதுபோல் மேலே போய்வந்தது. அவ்வளவுதான். கால் திருகாணிகளோடு திருகாணியாக வாய்க்குள் போய்விட்டது.

திரும்ப மாட்டும்போது வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினார். கண்ணாடியின் கடைசித் திருகாணியும் ஏறியது. பெட்டியை மேசையில் நிமிர்த்தி நிறுத்தி, விரல் எது என்று பார்க்காமலே பொத்தானை அழுத்தினார். கிளம்பியது. காத்திருந்தோம். ராட்டினம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அக்கா நேரத்தை வீணாக்கவில்லை. "யாரும் அசையக் கூடாது. நீங்களும்தான். வெளிய போனா கதவுச் சத்தம் பதிவாயிடும். அப்படியே கட்டில்ல உக்காருங்க."

அத்தான் உட்கார்ந்தார். அத்தியாயம் முதல் வரியிலிருந்து தொடங்கியது. இவ்வளவு நேரம் அவர் வாய் திறக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. மற்ற திருகாணிகள் எல்லாம் பெட்டியில் ஏறிவிட்ட பிறகும் அவருடைய இடது கன்னம் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. சற்று நேரம் கழித்து அந்த உப்பல் வலது கன்னத்துக்கு நகர்ந்தது. எச்சிலை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நெற்றியில் வேர்வை அரும்பியது. அக்காவின் குரல் நிதானமாக நான்காவது அறைக்குள் நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்தது. கோப்பு சேர்ந்தது. அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "கிடைத்துவிட்டது. அடுத்த புத்தகம் தாவரவியல். உங்களுக்குத்தான்."

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு நாற்காலியோடு திரும்பினாள்.

"இப்பச் சொல்லுங்க. என்னதான் ஆச்சு அதுக்கு?"

அத்தான் தாடையை ஜன்னல் பக்கம், மின்கம்பம் இருக்கும் திசையில் அசைத்தார்.

"கரெண்டா?"

"ம்."

"வாயைத் திறந்து சொல்லுங்க."

"ம்ஹூம்."

அக்கா எழுந்து வந்தாள். அவருடைய மோவாய்க்குக் கீழே உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.

"துப்புங்க."

அத்தான் அந்தக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.