காலி என்று நான் சொன்ன தட்டு

கொடைக்கானல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பட்டா, சாதிச் சான்று, ஆன்லைன் விண்ணப்பம். மேல்மலைச் சனங்களுக்கு நான் 'கம்ப்யூட்டர் தாயி'. அந்தப் பெயரில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்த கதையை நானே சொல்கிறேன், கேளுங்கள்.

ஏழெட்டு வருடம் இருக்கும். கவுஞ்சியிலிருந்து ஒரு பூண்டு விவசாயி உரப்பையில் சுற்றி ஒரு டிவிடி கொண்டுவந்தார். அறுபதைத் தொட்ட மனிதர். அவர் ஊரில் வந்து தங்கி, பூண்டு அறுவடையைப் படமெடுத்துப் போன ஒரு வெளிநாட்டுப் பெண் தபாலில் அனுப்பியது. படம் எடுத்த அடுத்த மழையில் அவர் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அவ பேசுறது, சிரிக்கிறது எல்லாம் இதுல இருக்குதாம் தாயி. வீட்ல ரேசன் கார்டு போட்டோ ஒண்ணுதான் கெடக்கு. அதுலயும் மொறைச்சுக்கிட்டு இருக்கா. கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

போட்டேன். திரையில் ஒரு கோப்பும் வரவில்லை. காலி என்று காட்டியது. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வந்த கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. "காலி டிஸ்க்குங்க. அந்தம்மா எதையும் ஏத்தாமலே அனுப்பிருச்சு," என்றேன்.

அவர் அந்த டிவிடித் தட்டை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். பூண்டுக்காரர்கள் எதையும் அடியைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அழுகல் வேர்ப்பக்கத்தில்தானே தொடங்கும்.

"அடியில பாதி வரைக்கும் வளையமா நெறம் மாறிக் கெடக்கே தாயி. காலின்னா எல்லாம் ஒரே நெறமால்ல இருக்கணும்?"

"ஐயா, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? எனக்குச் சோலி கெடக்குங்க." இதுதான் நான் சொன்ன பதில். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார்.

போன வருடம் ஒரு கல்யாண போட்டோகிராபர் கடைக்கு ஒரு தட்டோடு வந்தார். அதுவும் என் கம்ப்யூட்டரில் காலி என்றுதான் காட்டியது. அவர் சிரித்துக்கொண்டே, "இது மேக் கம்ப்யூட்டர்ல எழுதினது அக்கா. விண்டோஸ்ல தெரியாது," என்றார். கோப்புகளை அடுக்கும் முறை அதற்கு வேறு, இதற்கு வேறாம். தட்டை அப்படியே ஒரு இமேஜ் கோப்பாக நகலெடுத்து லினக்ஸில் திறந்தால் எல்லாம் வரும் என்று செய்தும் காட்டினார். தட்டைக் கவிழ்த்து, "இங்க பாருங்க, எழுதின இடம் வளையமாத் தெரியுதுல்ல?" என்றார். கவுஞ்சிக்காரர் அன்று காட்டிய அதே வளையம்.

மறுநாள் வெள்ளனே கவுஞ்சிக்கு பஸ் ஏறினேன். அந்தத் தட்டு அவருடைய பட்டாணித் தோட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சினிமாத் தட்டுகளை நூலில் கட்டிவிட்டால் வெயிலில் மினுங்கும், கிளி அண்டாது. எங்கள் பக்கம் காலித் தட்டுக்கு அதுதான் வேலை. காலி என்று சொன்னது யார்? நான்தான். பாவி, வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கக் கூடாதா?

நான் கேட்டதும் அவர் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். "ஏதாச்சும் வழி இருக்கா தாயி?" என்றபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "பாக்குறேன் ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

கழுவித் துடைத்து இமேஜ் எடுக்க உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஓடியது. படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்று பிழைமேல் பிழை. தேறிய மட்டும் வந்த இமேஜை லினக்ஸில் திறந்தேன். உள்வட்டத்தில் இருந்த கோப்புகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் பிழைத்திருந்தது. ஆங்கிலத்தில் நான்கு பெயர்கள்: அறுவடை, பூண்டு ஆய்தல், சமையல், மனைவி பேசுகிறார். நான்காவதை எத்தனை முறை அழுத்தினேன் என்று கணக்கில்லை. கறுப்புத் திரை. ஒரு சத்தம்கூட இல்லை. வருடக்கணக்கான வெயில் தின்றது போக மிச்சம் அந்தப் பெயர்தான். தட்டு வந்த தபால் கவரைப் பத்திரமாக வைத்திருந்து அவர் என்னிடம் கொடுத்துவிட்டிருந்தார்; அதில் அந்த வெளிநாட்டுப் பெண்ணின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு போட்டுவிட்டு அவர் நேராகக் கடைக்கு வந்தார். வேட்டியெல்லாம் மண். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

உண்மையைத்தான் சொல்வதென்று காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். உங்கள் மனைவி அதில் இருந்தார், நான்தான் அவரை வெயிலில் கட்டித் தொங்கவிட வைத்தேன் என்று. அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு புரண்டது. முதல் தடவை தெரியாமல் சொன்னதை இரண்டாம் தடவை தெரிந்தே சொன்னேன்.

"காலிதாங்க ஐயா. ஒண்ணுமில்ல."

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் நம்பாம, இத்தன வருசமா உங்கள மனசுக்குள்ள ஏசிக்கிட்டுத் திரிஞ்சேன். மன்னிச்சுக்கங்க தாயி."

சே, என்ன பிழைப்பு இது என்று இருந்தது. அவர் கையை நீட்டினார்.

"குடுங்க. பட்டாணியில கிளி வந்து விழுது. கட்டிப் போடுறேன்."

கொடுத்தேன். இந்தத் தடவை அவர் அடியைக் கவிழ்த்துப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.