பள்ளிச் சீருடைக்குள் ஒரு தாலி

நியாலாஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தபோது, தாலியின் வேலை என்ன என்பதை எனக்குத் தொலைக்காட்சித் தொடர்கள்தாம் கற்றுக்கொடுத்தன. மனைவி கழுத்தில் அது இருக்கும்வரை கணவனை லாரியே மோதினாலும் பிழைத்துக்கொள்வான். கழன்று விழுந்தாலோ இடி இடிக்கும், விளக்கு அணையும், ஆள் ஆஸ்பத்திரியில் கிடப்பான். ஒன்பது வயதில் இவ்வளவு தெளிவான பாடம் எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூடக் கிடைத்ததில்லை.

என் அம்மாவோ வேலைக்குப் போகும்போதெல்லாம் தாலியைக் கழற்றிச் சாமிப் படத்தில் மாட்டிவிட்டுப் போவார். மின்னணுத் தொழிற்சாலை வேலை. உள்ளே நகை எதுவும் போடக் கூடாது. அப்பா அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்த் தொழிற்சாலை பஸ் நிற்குமிடத்தில் இறக்கிவிட்டு, எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலை வெட்டப் போவார். உயரமான மரம், நீளமான அரிவாள், தலைக்கு மேலே முள்ளுக் குலை.

அந்தச் சமயம் பார்த்து, தொழிற்சாலை கேண்டீனில் அம்மா தோழிகளோடு எடுத்த படம் முகநூலில் வந்தது. "கழுத்து ஏன் காலியா இருக்கு?" என்று அப்பாவின் அக்கா அதன் கீழே எழுதினார். உறவுக்காரர்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "போட்டோக்காவது போட்டிருக்கலாம்லா," என்றார். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

பெரியவர்கள் இப்படி அசட்டையாக இருந்தால் நான்தான் பொறுப்பெடுக்க வேண்டும். மறுநாள் அவர்கள் கிளம்பியதும் தாலியை எடுத்து நானே போட்டுக்கொண்டேன். வீட்டில் யாராவது ஒரு பெண் கழுத்தில் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. சீருடைக்குள் அது சில்லென்று கிடந்தது. அப்பா எந்த மரத்தடியில் நின்றாலும் இனிப் பயமில்லை என்று அன்று காலை முழுக்க அவ்வளவு நிம்மதியாக இருந்தேன்.

உடற்கல்வி நேரத்தில் குதித்தபோது தாலி வெளியே வந்து ஆடியது. டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியே கூட்டிப்போய், "யாரு போட்டுவிட்டா? பயப்படாம சொல்லு," என்று மறுபடி மறுபடி கேட்டார்.

"நானேதான் டீச்சர். அப்பா சாகாம இருக்கிறதுக்கு."

அவர் உடனே அப்பாவுக்கு ஃபோன் போட்டார். அப்பா வேலைச் சட்டையோடு ஓடிவந்து நின்றார், உயிரோடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலையில் அப்பா இதை அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பிறகு என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "உங்கப்பா நல்லா இருக்க நான் இதப் போடணும், சரி. நான் நல்லா இருக்க உங்கப்பா என்ன போடணும்?" என்று கேட்டார்.

நான் பார்த்த தொடர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு சாமான் எதிலும் வந்ததில்லை. கடைசியில், "ஹெல்மெட்," என்றேன். "அப்பாதானே உங்கள மோட்டர்ல ஏத்திட்டுப் போறாரு."

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய், தன் அக்காவிடம் மெதுவான குரலில் நெடுநேரம் பேசினார். ஹெல்மெட்டுக்கும் அத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. "உங்கப்பா என்ன போடணும்?" என்ற கேள்வியை அம்மா என்னிடம்தான் கேட்டார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.