ஸ்கேனில் தெரிந்த வெளிச்சம்

போன வருஷம் ஐப்பசியில், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. பல வருஷங்களுக்கு முன் என் தம்பிக்கு ஒரு கிட்னியைக் கொடுத்தவள் நான். மிச்சமிருந்த ஒன்றில் கட்டி இருப்பதாக வழக்கமான பரிசோதனையில் தெரியவந்தது. கட்டி நட்டநடுவில் இருந்ததால் அதை மட்டும் வெட்டியெடுப்பது கஷ்டம்; கிட்னியையே எடுத்தால் ஆயுசுக்கும் டயாலிசிஸ். "ஆபரேஷனை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நியூக்ளியர் ஸ்கேன் பாத்துருவோம்மா. கட்டி எந்த ரகம்னு ஓரளவு சொல்லிரும்" என்றார் டாக்டர்.

ஒத்தக்கடையிலிருந்து தம்பியோடு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் மழை. யானைமலை பாதி கரைந்து நின்றது.

கையில் மருந்தை ஏற்றி வெகுநேரம் தனியறையில் உட்காரவைத்து, பிறகு படுக்கச் சொன்னார்கள். இரண்டு பெரிய தட்டுகள் என்னைச் சுற்றி மெல்ல, மெல்ல நகர்ந்தன. கண்ணை மூடினேன். நிறைந்த கண்மாயில் மல்லாந்து மிதப்பது போல இருந்தது. உள்ளே போன மருந்து கையில் விளக்கோடு அறை அறையாகத் தேடிப் போவதாக நினைத்துக்கொண்டேன். பயம் எங்கோ கரையிலேயே நின்றுவிட்டது.

வெளியே வந்தால் தம்பியின் கண் சிவந்திருந்தது. கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்திருக்கிறான்.

"கட்டி இருக்குற எடம் பளிச்சுன்னு எரியுதுக்கா. வெளிச்சமாத் தெரிஞ்சா கேன்சராம்ல..." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் ஒங்கிட்ட வாங்காமலே இருந்திருக்கணும்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வேற ஸ்கேன்ல வெளிச்சம்னா பயப்படணும். இதுல நேர்மாறு. புற்றா இருந்தா பெரும்பாலும் இந்த எடம் இருட்டாக் கெடக்கும். இது சாதுவான கட்டி மாதிரிதான் தெரியுது. ஊசியால கொஞ்சம் சதையெடுத்து உறுதி பண்ணிக்குவோம். அதுவரைக்கும் ஆபரேஷன் பேச்சே வேணாம்."

"அப்ப அக்கா கிட்னி அக்காகிட்டயே இருக்குமா சார்?" தம்பி இரண்டு தடவை கேட்டான்.

சதைப் பரிசோதனையும் அதையே சொன்னது. கட்டி இன்னும் எனக்குள்தான் இருக்கிறது. அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் போயிற்று என்று நினைத்து நின்ற அந்தச் சில நிமிஷங்களில்கூட, அவனுக்குக் கொடுத்ததை நினைத்து என் மனசு துளியும் வருந்தவில்லை. என்னைப் பற்றி நானே தெரிந்துகொண்ட அந்த ஒன்று இன்றைக்கும் எனக்குத் தெம்பாக இருக்கிறது.