போறன்

டவுன்டவுன் உணவகம் ஒன்றில் என்னோடு கோப்பை கழுவிய மனிதர், செச்சினியாவின் போரில் படை நடத்திய தளபதி. இடக்காதில் பாதி இல்லை. பின்கதவுக்கு ஒருநாளும் முதுகு காட்டமாட்டார்.

வேலை முடிந்து போகிற தமிழர்கள் ஏன் "வாறன்" என்கிறோம் என்று ஒருமுறை பிரெஞ்சில் கேட்டார். "போறன்" என்று சொன்னால் போனவர் திரும்பமாட்டார் என்று எங்களுக்குப் பயம் என்றேன்.

"என் படைப் பிள்ளைகள் எல்லோரும் போகிறோம் என்றுதான் சொன்னார்கள்," என்றார். அன்றிலிருந்து அவரும் "வாறன்" சொல்லித்தான் வீட்டுக்குப் போனார்.

போன கிழமை மத்தியானம், அவருடைய மொழி பேசும் இருவர் பின்கதவில் வந்து நின்றார்கள். அவர் கையைத் துடைத்து, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார்.

"போறன்," என்றார்.

நான் சிரித்தேன். "அண்ணை, வாறன் எண்டெல்லோ சொல்லவேணும்!"

கதவடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நிதானமாக, அதையே இன்னொரு தடவை சொன்னார்.