தொட்டிலுக்கு மேலே ஒரு மைக்

ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்ப்பது அவன் தொழில். போய்வரும் அலுவலகங்களிலெல்லாம் அவனுக்குப் பம்பரம் என்றுதான் பேர். ஓர் இடத்தில் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டே அடுத்த இடத்துக்குப் போன் போட்டு, இதோ வந்துவிட்டேன் என்பான். சாப்பாடு நின்றுகொண்டுதான். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குள் நாலு தடவை வெளியே போய் வருவான். கை சுத்தம், மூளை கூர்மை, எதையும் பிரித்துப் பார்த்தால் பிடித்துவிடுவான். ஆனால் ஒரு வேலை முடியப்போகிறது என்று தெரிந்தாலே அவன் மனசு அங்கிருந்து கிளம்பிவிடும். கடைசிக் கொஞ்சம் எப்போதும் மிச்சம் கிடக்கும்.

இதற்கு அவன் அம்மா ஒரு காரணம் சொல்வாள். அவனுக்கு ஏழு வயதானபோது, நாலு வயது மூத்த அவன் அக்காவுக்குக் கடும் காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. அப்பா ஆலையில் ஷிப்ட், அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில். வீட்டில் இருந்த ஒரே காது அவனுடையதுதான். கதவு தட்டினால் அவன் ஓட வேண்டும், போன் அடித்தால் ஓட வேண்டும், குக்கர் விசில் அடித்தால் ஓட வேண்டும். எந்தச் சத்தம் கேட்டாலும் கால் தானாக எழுந்துகொள்கிற பழக்கம் அப்போது வந்தது, பிறகு போகவே இல்லை என்பாள் அம்மா. அப்பாவோ, அவன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான், காய்ச்சல் மேல் பழியைப் போடாதே என்பார்.

அக்கா பேச்சு நன்றாக வந்த பிறகுதான் காதை இழந்தாள். அதனால் பேசுவாள், கொஞ்சம் உரக்க. எதிரில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிற தொழில். விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் தைத்துக் கொடுப்பாள். கணவர் கப்பலில் சமையல்காரர். வந்தால் கொஞ்ச நாள், போனால் பல மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று இருவரும் மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்தது.

கூட இருந்த மாமியார் தன் வீட்டுக்குத் திரும்பினார். கணவரின் விடுப்பும் முடிந்தது. அக்கா தொட்டிலைத் தையல் மேசைக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டு, ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் குழந்தையிலுமாகத் தைத்தாள். துணித் தூசியில் குழந்தைக்கு இருமல் வந்தது. டாக்டர் தொட்டிலை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றியதிலிருந்து அக்காவும் பம்பரமாகிவிட்டாள். ஒரு சாண் தைப்பாள், எழுந்து போய் எட்டிப் பார்ப்பாள், வந்து உட்காருவாள், மறுபடி எழுவாள். தையல் கோணிற்று.

"ஏதோ சின்னக் கம்ப்யூட்டர் வாங்கி நோண்டிட்டிருந்தியே," என்றாள் தம்பியிடம். "குழந்தை அழுதா எனக்குத் தெரியற மாதிரி அதுல ஏதாவது பண்ணுடா."

அது சீட்டுக்கட்டு அளவே உள்ள கணினி. பெட்டிகூடக் கிடையாது, வெறும் பச்சைப் பலகை. எதற்கோ வாங்கி, பாதியில் விட்டு, மேசை இழுப்பறையில் போட்டிருந்தான். அதைத் தூசி தட்டி எடுத்தான். தொட்டிலுக்கு மேலே ஒரு மைக், பக்கத்தில் ஒரு கேமரா, வாசல் மணி அடித்தால் அறிகிற ஒரு சின்ன டப்பா, தையல் மேசையில் ஒரு சிவப்பு விளக்கு. இத்தனையையும் மாட்டப் பலகையில் இடம் போதவில்லை. ஒரு யூஎஸ்பி ஹப் வாங்கினான். ஒரு துளையை ஐந்து துளையாக்கித் தருகிற சாதாரண ஹப். எல்லாவற்றையும் அதில் செருகி, அதன் வாலைப் பலகையில் செருகினான்.

குழந்தை அந்த நேரம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால், சோதிப்பதற்காகத் தொட்டிலருகே குனிந்து இவனே அழுதான். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு, தூங்கும்போது விளக்கு எரிந்து என்ன பிரயோசனம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மறுநாள் தலையணைக்கு அடியில் வைக்கிற, அதிர்ந்து எழுப்பும் பட்டை ஒன்றை வாங்கி வந்து, ஹப்பில் மிச்சமிருந்த துளையில் செருகினான். தனியாக இயக்கிப் பார்த்தான், நன்றாகவே அதிர்ந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒருதரம் பார்த்துவிடலாம் என்று நினைப்பதற்குள் போன் வந்தது. ஓர் அலுவலகத்தில் மெஷினுக்குள் காகிதம் சிக்கிக்கொண்டு, மானேஜர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தார். கிளம்பிவிட்டான்.

அன்றைக்கே பிற்பகல். மேல்வீட்டில் குடியிருந்த டீச்சருக்குக் கீழே குழந்தை அழும் சத்தம் கேட்டது. குழந்தை என்றால் அழும்தான் என்று முதலில் விட்டுவிட்டார். அழுகை நிற்கவில்லை, போகப்போகக் குரல் கம்மிற்று. இறங்கி வந்து வாசல் மணியை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. பின்பக்கம் சுற்றிப் போய், திறந்திருந்த சமையலறைக் கதவு வழியாக நுழைந்தார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. டீச்சர் தோளைத் தொட்டார். திரும்பிப் பார்த்த அக்காவுக்கு அந்த முகத்தில் உதட்டைப் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

குழந்தையின் கை தொட்டில் கம்பிகளுக்கு நடுவே சிக்கி, மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. அழுது அழுது கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

தகவல் தெரிந்து அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். எலும்புக்கு ஒன்றுமில்லை, வீக்கம் வடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அவன் முகத்தையே பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அவன் என்ன பேசினாலும் அவளுக்குப் போய்ச் சேராது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவள் நாற்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டு பேசிக்கொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்ததும் எல்லா ஒயரையும் பிடுங்கி ஒரு துணிப்பையில் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"உன்னைக் குத்தம் சொல்லல. இதை நம்பித் திரும்பி உக்காந்தேன் பாரு, அது என் தப்பு."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அக்கா கையில் இருந்த ஆர்டர்களைத் திருப்பிவிட்டுத் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கு எங்கே போனாலும் இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்கு நடுவே மாடிப்படியில் நின்றுகொண்டு யோசிப்பான். அறைக்கு வந்தால் துணிப்பையைக் கட்டிலில் கொட்டி மைக்கை மாற்றுவான், ஒயரை மாற்றுவான், கணினிக்கு எழுதிக்கொடுத்திருந்த கட்டளைகளைத் திரும்பத் திரும்பப் படிப்பான். சில சமயம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்; சில சமயம் பிணமாகக் கிடக்கும். எப்போதும் கெட்டுப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் அவனை அரித்தது. தூக்கம் கெட்டது. சவரம் செய்யாத முகத்தோடு வந்து நிற்பவனைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று அலுவலகங்களில் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு வக்கீல் அலுவலகத்தில் பழைய மெஷின் ஒன்றைச் சரிசெய்து சுவிட்சைப் போட்டான். உள்ளே இருக்கிற ஹீட்டர் சூடேறத் தொடங்கியதும் அறையின் விளக்கு ஒருகணம் மங்கித் தெளிந்தது. இந்த மெஷினைப் போட்டாலே எங்கள் விளக்கு கண்ணடிக்கிறது என்று டைப்பிஸ்ட் அம்மா அலுத்துக்கொண்டார். பழைய கட்டடங்களில் அவன் நூறு தடவை பார்த்த சங்கதிதான். ஆனால் அன்றைக்கு அப்படியே நின்றுவிட்டான். அடுத்த நிமிஷம் மூடியைக்கூட மாட்டாமல் படியில் இறங்கி ஓடினான். வக்கீல் பின்னாலிருந்து கூப்பிட்டது தெருமுனை வரை கேட்டது.

தன் அறைக்கு வந்து சிவப்பு விளக்கை மட்டும் எரியவிட்டுப் பார்த்தான். மைக் உயிரோடு இருந்தது. பட்டையை மட்டும் அதிரவிட்டான். அப்போதும் இருந்தது. இரண்டையும் சேர்த்து இயக்கினான். விளக்கு ஒரு மினுக்கு மினுக்கியது, பட்டை ஒரு துள்ளுத் துள்ளியது, ஹப்பில் இருந்த அத்தனையும் ஒன்றாக அணைந்தன.

ஹப் என்பது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. கிடைப்பதைப் பங்குபோட்டுத் தருகிறது, அவ்வளவே. அந்தச் சின்னப் பலகை தன் வயிற்றுக்குப் போக வெளியே கொடுக்கக்கூடியதே கொஞ்சம். மைக்கும் கேமராவும் சும்மா கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறவரை அது போதும். குழந்தை அழுததும் விளக்கும் பட்டையும் ஒரே நேரத்தில் இழுக்க, எல்லாமே படுத்துவிட்டன. வாசல் மணியின் டப்பாவும் கூடவே செத்ததால்தான் டீச்சர் எத்தனை அழுத்தியும் பலனில்லை. ஆக, குழந்தை அழாதவரை அது ஒழுங்காக இருந்தது. அழுத கணத்தில் செத்தது. இதைப் புரிந்துகொண்டபோது அவனுக்குச் சந்தோஷமாக இல்லை.

தனியாக அடாப்டர் வைத்து, சுவரிலிருந்தே மின்சாரம் எடுக்கிற ஹப் ஒன்றை வாங்கினான். அதில் வேறு ஒரு தொல்லை. கணினியை நிறுத்தினாலும் பலகையிலேயே இருக்கிற சிவப்புப் பொட்டு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. ஹப்பிலிருந்து மின்சாரம் பின்பக்கமாகப் பலகைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மின்தடை வந்து போனால் அது முழுசாகச் சாகவும் மாட்டாமல், எழவும் மாட்டாமல் நடுவில் தொங்கியது. கடைக்காரரோடு சண்டை போட்டு, அப்படிப் பின்னால் அனுப்பாத ஹப்பாகப் பார்த்து மாற்றிக்கொண்டான்.

துணிப்பையோடு அக்கா முன்னால் போய் நின்று விளக்க ஆரம்பித்தான். வழக்கம்போல நடந்துகொண்டே.

"உக்காருடா," என்றாள் அக்கா. "நீ சுவத்தைப் பார்த்துப் பேசினா, சுவத்துக்குத்தான் புரியும்."

உட்கார்ந்தான். முதலிலிருந்து சொன்னான். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக் கேட்ட அக்கா, இது திரும்பவும் செத்தால் எனக்கு எப்படித் தெரியும் என்றாள். சாகாது என்றான். அதைத்தானே அன்றைக்கும் சொன்னாய் என்றாள்.

தையல் மேசையைக் காட்டிச் சொன்னாள்: "விளக்கு எரியலன்னா குழந்தை தூங்குதுன்னும் இருக்கலாம், உன் மெஷின் தூங்குதுன்னும் இருக்கலாம். நான் எதுன்னு எடுத்துக்கறது? உங்களுக்கெல்லாம் சத்தம் இல்லன்னா நிம்மதி. எனக்கு எப்பவுமே சத்தம் இல்லடா."

இத்தனை நாள் மின்சாரத்தைப் பற்றியே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவனுக்கு, இது ஒருமுறைகூடத் தோன்றியிருக்கவில்லை.

திரும்பிப் போய் இன்னொரு விளக்கைச் சேர்த்தான். பச்சை விளக்கு. மைக், கேமரா, கணினி எல்லாம் உயிரோடு இருக்கிறவரை அது எரியும். கணினி விடாமல் அதற்கு 'எரி, எரி' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வது நின்றால் அணைந்துவிடும். அதை ஊசிக்கு நேர் எதிரில், தைக்கும்போது கண் படுகிற இடத்தில் பொருத்தினான். அக்கா தன் கையாலேயே ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தாள். பச்சை ஒவ்வொரு முறையும் அணைந்தது. சுவர் சுவிட்சை அணைத்தாள், போட்டாள். அவன் பார்க்காதபோது இன்னொரு முறை பிடுங்கினாள்.

அப்புறம் ஒரு நிபந்தனை போட்டாள். குழந்தை தூங்குகிறது. நான் தைக்கிறேன். நீ இந்த நாற்காலியில் உட்கார். அழுதாலும் எழுந்திருக்கக் கூடாது, எனக்கு ஜாடை காட்டக் கூடாது.

அவனை உட்காரச் சொல்வதே தண்டனை. தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. அவன் நகத்தைக் கடித்தான், காலை ஆட்டினான், ஜன்னல் கம்பிகளை எண்ணினான். கடைசியில் அடுத்த அறையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அப்புறம் ஒரு சிணுங்கல். பிறகு முழு அழுகை. கால் தானாகத் தரையை உந்தியது. நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டான். அழுகைதானா என்று கணினி உறுதிசெய்துகொள்வதற்குக் கொஞ்சம் அவகாசம் வைத்தவன் அவன்தான். ஏன் இத்தனை நேரம் வைத்துத் தொலைத்தோம் என்று அந்த இரண்டு மூச்சு நேரமும் தன்னைத் தானே சபித்துக்கொண்டான். அக்கா ஒன்றும் அறியாதவளாகத் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சிவப்பு எரிந்தது. பச்சை அணையவில்லை. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனாள்.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே திரும்பி வந்தவள் அவனைப் பார்த்தாள். "உக்காந்துதானே இருந்தே, எதுக்குடா இப்படி வேர்த்துக் கொட்டுது?"

மறுவாரமே ஆர்டர்களைத் திரும்ப எடுக்கத் தொடங்கினாள். கப்பலிலிருந்து கணவர் வீடியோவில் பேசியபோது போன் கேமராவைத் திருப்பிப் பச்சை விளக்கைக் காட்டினாள். அவர் மைத்துனனைப் பாராட்டி ஏதோ சொன்னார். ஆனால் மைத்துனனுக்குத்தான் இன்னும் நிம்மதி வரவில்லை. வேலை நடுவே மேல்வீட்டு டீச்சருக்குச் செய்தி அனுப்பி, கீழே சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று விசாரிப்பான். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த டீச்சர், நான் வகுப்பில் இருக்கிறேன் தம்பி என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

ஒரு நாள் காலை அக்காவிடமிருந்து செய்தி வந்தது. பச்சை அணைந்தது, ஓடிப் போய்ப் பார்த்தேன், குழந்தை நன்றாகத் தூங்குகிறாள், பெருக்கும்போது ஹப்பின் அடாப்டர் கழன்றிருக்கிறது, மாட்டிவிட்டேன், பச்சை வந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். அவன் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில், மெஷின் உள்ளே கைவிட்டபடி அதைப் படித்தான். வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், வேலையைப் பார் என்று பதில் வந்தது.

சற்று நேரத்தில் கையில் மெஷினின் கருப்புப் பொடிக் கறையோடு அவள் வாசலில் நின்றான். அக்கா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் விலகி வழிவிட்டாள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.